ஜக் சார்ள்டன்: ஸ்ரொப்பரா இருந்து பயிற்றுநர். எங்கட கழகத்துக்கு எதை எடுக்கலாம், எதை விடலாம்?

வலிகாமத்தான்

வணக்கம். எங்கட உதைபந்தாட்டக் கழகத்தில கனகாலமா ஸ்ரொப்பரா (பின்வரிசை நடுவில நிண்டு தடுக்கிறவரா) நிண்ட அண்ணை ஒருத்தர் வாற பருவத்தில இருந்து பயிற்றுநரா நிக்கப் போறார். விளையாட்டை முழுசா விடுறதா, விளையாடிக்கொண்டே பயிற்சி குடுக்கிறதா எண்டது இன்னும் முடிவாகேல்லை. நிர்வாகத்தில ரெண்டு கருத்து. ஒரு பகுதி, இங்கிலாந்தின்ர பழைய ஸ்ரொப்பர் ஜக் சார்ள்டன் அயர்லாந்து அணிக்குப் பயிற்றுநரா நிண்டு சொல்லிக்குடுத்த ஆட்டத்தை அப்பிடியே எடுக்கலாம் எண்டுது: பின்னால இருந்து நீளமா அடிச்சு, எதிரணியை அவையின்ர கோலுக்குக் கிட்ட வைச்சு அமத்துறது. மற்றப் பகுதி, அது அந்தக் காலத்து விதிக்குச் செய்த ஆட்டம், இப்ப சரிவராது எண்டுது.

அவற்ற வரலாறு தெரிஞ்ச ஆக்களிட்ட மூண்டு விசயம் கேக்கிறன். பின்களத்தில படிச்ச எதைப் பயிற்றுநர் வேலையில பாவிச்சவர்? கோர்னருக்குக் கோலிக்கு முன்னால போய் நிக்கிற அவற்ற முறை இண்டைய விதிப்படி செல்லுமோ? அந்த அமத்துற ஆட்டம் எங்கட வெயிலுக்கும் காய்ஞ்ச தரைக்கும் தாங்குமோ? அணிக்கு 11 பேர் ஆட்டத்தைத்தான் கேக்கிறன். மின்னொளியில நடக்கிற 7 பேர் போட்டிகளை இல்லை.

நாலுபேர் வரிசை

தம்பி, முதல் அவர் ஆர் எண்டதைச் சரியா வைப்பம். கனபேர் அவர் இங்கிலாந்து அணியோட வெண்ட 1966 உலகக் கிண்ணத்தையும் அயர்லாந்தையும் மட்டும் பாத்து நடுவில உள்ளதை விட்டுவிடுகினம். பயிற்றுநர் உருவானது அந்த நடுவிலதான்.

1935இல் ஆஷிங்டன் எண்ட சுரங்க ஊரில பிறந்தவர். 1953இல் லீட்ஸ் யுனைட்டட்டுக்கு முதல் ஆட்டம், 1973 வரை அந்த ஒரே கழகம், மொத்தம் 773 ஆட்டம். இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம் 1965 ஏப்ரலில, 30 வயசாக ஒரு மாசம் இருக்கேக்க. பிந்தித் தொடங்கியும் 35 ஆட்டம். 1969இல் லீட்ஸ் லீக் வெல்லேக்க 42 ஆட்டத்தில தோத்தது ரெண்டுதான். 1972 எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில ஆர்சனலை 1-0 எண்டு வெண்டபோது அவருக்கு 37 வயசாக ரெண்டு நாள்.

இதில உங்கட அண்ணைக்கு முக்கியமானது ஒண்டு. விளையாடிக்கொண்டு இருக்கேக்கயே, இளம் வயசில, லில்ஷலில நடந்த இங்கிலாந்துச் சங்கத்தின்ர பயிற்றுநர் நெறிக்குப் போனவர். எப்பிடி விளையாடுறது எண்டதும் எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது எண்டதும் வேற வேற வேலை எண்டு ஆரம்பத்திலயே பிரிச்சுப் பாத்தவர். 1973இல் மிடில்ஸ்பறோவுக்குப் போய் முதல் பருவத்திலயே இரண்டாம் பிரிவை 65 புள்ளியோட வெண்டார். ரெண்டாவதா வந்த அணியை விட 15 புள்ளி கூட. அப்ப வெற்றிக்கு 2 புள்ளிதான் எண்டதையும் சேத்துப் பாருங்கோ.

அந்த அணியில பெரும்பாலான வீரர் ஏற்கெனவே அங்க இருந்த ஆக்கள். செல்ரிக்கில இருந்து பொபி மேர்டொக்கைப் பணம் இல்லாமல் எடுத்தார். இடப்பக்கம் நிண்ட கிறஹாம் சூனஸை நடுக்களத்துக்கு மாத்தினார். அதுக்குப் பிறகு செய்ததுதான் ஸ்ரொப்பரின்ர மூளை: அந்தக் காலத்தில எதிரணிகள் பின்வரிசையை ஒண்டா ஏத்தி ஓப்சைட்டில (பந்து உதைபடேக்க பின்வரிசையைத் தாண்டி நிக்கிற பிழையில) பிடிக்கிற வழக்கம் இருந்தது. ஏறிக்கொண்டிருக்கிற வரிசைக்கு எது பொறுக்காது எண்டு அவருக்கு உடம்பிலயே தெரியும். முன்னால நிக்கிறவருக்குப் பந்தைக் குடுக்காமல், பின்னால இருந்து ஓடி வாற அலன் பொகனுக்காக வரிசைக்கு மேலால போட வைச்சார். பந்து உதைபடுற கணத்தில ஓடுறவர் இன்னும் வரிசைக்கு இஞ்சால. அதனால ஓப்சைட் இல்லை. வரிசையோ முன்னுக்கு ஏறிக்கொண்டிருக்கு, திரும்பி ஓட வேணும். அந்த ரெண்டு மூண்டு அடி வித்தியாசம்தான் கோல்.

அயர்லாந்திலயும் அதே கணக்கு. 1986இல் பொறுப்பெடுத்தார். நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களில பின்வரிசைக்காரர் நிதானமாப் பந்தை எடுத்து, நடுவில உள்ள ஒரு கெட்டிக்காரனுக்குக் குடுத்து ஆட்டத்தைக் கட்டுகினம் எண்டதைக் கண்டார். அந்தக் கெட்டிக்காரனைக் காவல் காக்கிறதை விட, அவனுக்குப் பந்து வராமலே செய்யிறது லேசு. ஆகவே பந்தைப் புல்பக்குக்கு (பின்வரிசையில ஓரத்தில நிக்கிறவருக்கு) பின்னால, கொடிக்கம்பப் பக்கமாப் போடு. புல்பக் தன்ர கோலைப் பாத்து ஓடட்டும். உடனே ரெண்டு மூண்டு பேர் ஏறு.

ஸ்ரொப்பருக்கும் புல்பக்குக்கும் ஆகப் பிடிக்காத நிலை அதுதான்: முதுகுக்குப் பின்னால பந்து, முகம் சொந்தக் கோலுக்கு, பின்னால ஆர் வாறான் எண்டு தெரியாது. 20 வருசம் அதை அனுபவிச்ச மனிசன் அதை மற்ற ஆக்களுக்குக் குடுத்தார். உங்கட அண்ணையிட்டக் கேக்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: "உங்களுக்கு எந்தப் பந்து வரேக்க பயம்?" அவர் சொல்லுற மறுமொழியில இருந்து தாக்குதலைக் கட்டுங்கோ.

இன்னொண்டு. போல் மக்கிறாத் இயல்பா ஸ்ரொப்பர். அவரை நடுக்களத்தில, நாலுபேர் வரிசைக்கு முன்னால நிப்பாட்டினார். நீளமா அடிச்ச பந்து திரும்பி வரேக்க முதல்ல தலை வைக்க ஒருத்தர் வேணும் எண்டதுக்காக. நீளப் பந்தைப் பாக்கிற ஆக்கள் இந்த மனிசனைப் பாக்கிறேல்லை. இவர் இல்லாட்டி அந்த ஆட்டம் அரைவாசி.

மூலை உதை

கோர்னர் கேள்விக்கு நான் சொல்லுறன். செல்லும், ஆனா எப்பிடி நிக்கிறீங்கள் எண்டதில எல்லாம் இருக்கு.

விதி 12 சொல்லுறது: ஒவ்வொரு வீரருக்கும் தான் நிக்கிற இடத்தில நிக்க உரிமை உண்டு. மற்றவரின்ர வழியில இருக்கிறது பிழை இல்லை. வழிக்குள்ள நகருறதுதான் பிழை. முட்டாமல் மறிச்சா மறைமுக உதை (நேரா கோல் அடிக்க ஏலாத உதை), முட்டினா நேரடி உதை. ஆகவே கோலிக்கு முன்னால நிக்கிறவர் பந்து உதைபட முதலே தன்ர இடத்தை எடுத்து, அங்கேயே நிண்டு, நேரா மேல எழும்ப வேணும். பின்னுக்கு ஒரு அடி வைச்சா விசில்.

சார்ள்டன் லீட்ஸில செய்ததும் இதுதான். உயரமான மனிசன், கோல்கோட்டில கோலிக்கு முன்னால. அந்தக் காலத்துக் கோலியளுக்கு இது புதுசு, கத்தினவை, ஆனா நடுவருக்கு ஊதக் காரணம் இல்லை.

நிப்பாட்டுற ஒழுங்கு இது. கோலியை மறைக்கிறவர் கோல்கோட்டில இருந்து அரை மீற்றரில இருந்து ஒரு மீற்றர் முன்னால, கோலிக்கும் கிட்டக் கம்பத்துக்கும் இடையில, முகம் பந்தைப் பாத்து, கை ரெண்டும் கீழ. கை பின்னுக்குப் போய்க் கோலியின்ர உடுப்பில பட்டா முடிஞ்சுது. ரெண்டாமவர் கிட்டக் கம்பத்துக்கு நேர, 5.5 மீற்றர்ப் பெட்டியின்ர மூலையில. பந்தைத் தலையால உரசி உள்ளுக்கு விடுறது இவற்ற வேலை. மூண்டாமவரும் நாலாமவரும் பெனால்ரிப் புள்ளிக்குப் பக்கத்தில தொடங்கி, ஒருத்தர் கோல் நடுவுக்கும் மற்றவர் தூரக் கம்பத்துக்கும் ஓட வேணும். பெனால்ரிப் பெட்டிக்கு வெளியில ஒருத்தர் ரெண்டாம் பந்துக்கு (தடுபட்டு வெளியில வாற பந்துக்கு). மூண்டு பேர் பின்னால, எதிரணி முன்னால விட்டிருக்கிற ஆக்களை விட எப்பவும் ஒருத்தர் கூட. மிச்சம் ஒருத்தர் உதைக்கிறவருக்குக் கிட்ட, குறுகிய பந்துக்கு.

உதை உள்ளுக்கு வளையிற உதை. கோல் கம்பம் 2.44 மீற்றர். அதை விட கொஞ்சம் தாழ்வா வர வேணும். உயரமா வந்தா மறைக்கிறவரால பிரயோசனம் இல்லை, கோலி அவற்ற தலைக்கு மேலால எடுப்பார். சோளகம் அடிக்கிற மாசங்களில ரெண்டு மூலையும் ஒரே மாதிரி இல்லை: காத்து கோலுக்குத் தள்ளுற மூலையில உதையைத் தாழ்த்துங்கோ, இல்லாட்டிப் பந்து கோட்டுக்கு வெளியில போயிடும். காத்துக்கு எதிர மூலையில குறுகிய உதைதான் நல்லம்.

ஆக்கள் ஆகக் கூடப் பிழைவிடுறது ரெண்டாம் பந்தில. கோர்னரில இருந்து நேரா வாற பந்துக்கு ஓப்சைட் கிடையாது. ஆனா சக வீரர் ஒருத்தர் தொட்ட உடனே ஓப்சைட் விதி உயிர்க்குது. வெளியில இருந்து உங்கட பொடியன் திருப்பி அடிக்கேக்க, மறைக்கிறவர் இன்னும் கோலியின்ர கண்ணுக்கு முன்னால நிண்டா, பந்தைத் தொடாமலே ஓப்சைட். கோல் கிடைச்சும் கொடி உயரும். முதல் பந்து வெளியேறின உடனே மறைக்கிறவர் கோட்டில இருந்து வெளியில ஓடி வர வேணும் எண்டதைப் பயிற்சியில பந்தோடயே பழக்குங்கோ. வாயால சொன்னா ஆட்டத்தில மறப்பினம்.

அரியாலைக் கரை

நாலுபேர் வரிசை அண்ணை சொன்ன வரலாறு சரி. ஆனா அப்பிடியே எடுக்கலாம் எண்டதுக்கு நான் உடன்பட மாட்டன். அந்த ஆட்டத்தில ரெண்டு பாதி இருந்தது. ஒண்டு அமத்துறது. மற்றது மூச்சு வாங்கிறது. முதல் பாதியைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம்.

1992 வரைக்கும் பின்வரிசைக்காரர் காலால தட்டின பந்தைக் கோலி கையில எடுக்கலாம். களைச்சுப் போனா பக்பாஸ், கோலி பிடிச்சு வைச்சிருந்து, ஆறுதலா நீளமா உதைப்பார். எல்லா அணியும் அதில ஆறினது. சார்ள்டன்ர அணிக்கு அது கூடத் தேவைப்பட்டது, ஏனெண்டா மற்ற நேரம் முழுக்க ஓடினவை. 1990 உலகக் கிண்ணத்தில 5 ஆட்டத்தில ரெண்டே கோல் அடிச்சுக் காலிறுதி வரைக்கும் போனவை. அந்தக் கிண்ணத்தில நடந்த நேரக் கடத்தல்தான் விதியை மாத்த வைச்ச பெரிய காரணம். 1992இல் சக வீரர் வேணுமெண்டு காலால குடுத்த பந்தைக் கோலி கையால தொட்டா மறைமுக உதை எண்டு வந்தது. மூச்சு வாங்கிற பாதி அண்டைக்கே போச்சு.

1994இல் அமெரிக்காவில என்ன நடந்தது எண்டு பாருங்கோ. நியூயோர்க் பக்கத்தில இத்தாலியை 1-0 எண்டு வெண்ட அதே அணி, ஓர்லாண்டோவின்ர மத்தியான வெயிலில மெக்சிக்கோவிட்ட 2-1 எண்டு தோத்தது. மாத்து வீரரை இறக்கிறது சுணங்கினதில கோட்டோரம் பெரிய வாக்குவாதம், அடுத்த ஆட்டத்துக்குச் சார்ள்டனுக்கு அந்த இடத்தில நிக்கத் தடை. திருப்பி ஓர்லாண்டோவில நெதர்லாந்திட்ட 2-0. முதல் கோல் எப்பிடி? ரெரி பேலன் தலையால கோலிக்குத் திருப்பின பந்து கோலி வரைக்கும் போகாமல், எதிரணி ஓடி எடுத்து, பேர்க்காம்ப் அடிச்சது. தலையால குடுத்தா கோலி கையால எடுக்கலாம், அதுக்கு விதி இடம் விட்டது. களைச்ச காலுக்கும் தலைக்கும் அந்தத் தூரம் போதாமல் போச்சு. 1990இல் இதே நெதர்லாந்துக்கு அயர்லாந்து அடிச்ச கோலும் கோலிக்குப் போன பக்பாஸில இருந்து வந்ததுதான், கோலி தவற விட நியால் குவின் தட்டினார்.

இப்ப எங்கட பக்கம். பின்னேரம் 3.30, 4 மணிக்கு ஆட்டம் எண்டா முதல் பாதி முழுக்க வெயில். 90 நிமிசமும் ஏறி அமத்த ஏலாது. செய்யக்கூடியது இதுதான்: ஒவ்வொரு பாதியிலயும் முதல் 10 நிமிசம், அதோட கோல் விழுந்த பிறகு 5 நிமிசம் மட்டும் முழுசா ஏறுங்கோ. மிச்ச நேரம் பாதிக்கோட்டுக்கு இறங்கி, முன்னால நிக்கிறவரில இருந்து பின்வரிசை வரைக்கும் 30 தொடக்கம் 35 மீற்றருக்குள்ள அணியைச் சுருக்கி வையுங்கோ. ஏறினா 5 செக்கனுக்குள்ள பந்து எடுபட வேணும், அல்லது வெளியில போக வேணும். இல்லாட்டி எல்லாரும் இறங்க வேணும். ஒருத்தர் தனிய ஓடுறதுதான் ஆகப் பெரிய சேதம்: அவரும் களைப்பார், அவருக்குப் பின்னால ஓட்டையும் விழும்.

தண்ணி இடைவேளையைப் போட்டி தொடங்க முதல் ஏற்பாட்டாளரிட்டயும் நடுவரிட்டயும் கேட்டு முடிவெடுங்கோ. விதிப் புத்தகத்திலயே இடம் இருக்கு: தண்ணிக்கு ஒரு நிமிசம் வரை, உடம்பைக் குளிராக்க 90 செக்கனில இருந்து 3 நிமிசம் வரை. மூச்சு வாங்கிற பாதி இண்டைக்கு அதுக்குள்ளதான் இருக்கு.

தரை விசயமும் உண்டு. காய்ஞ்ச தரையில நேரா அடிச்ச நீளப் பந்து ஒரு துள்ளலில கோலியின்ர கைக்குப் போயிடும். பந்தைக் குறுக்கா, கொடிக்கம்பப் பக்கமாத்தான் போட வேணும். பந்தின்ர காத்தழுத்தம் 0.6 இல் இருந்து 1.1 வளிமண்டலம் வரை விதி விடுது. சொந்த மைதானத்தில 0.6, 0.7 அளவில வைச்சா துள்ளல் குறையும். பம்மில மானி இல்லாமல் விரலால அமத்திப் பாக்கிற பழக்கத்தை விடுங்கோ. மாரியில நிலம் ஊறினா மறுவளம், பந்து விழுந்த இடத்திலயே நிக்கும், அப்ப புல்பக்குக்குப் பின்னால போடுற பந்து பொன்.

நாலுபேர் வரிசை

அரியாலைக் கரை சொன்ன மூச்சு வாங்கிற பாதி நல்ல கணிப்பு, நான் அதை விட்டிட்டன். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 1992 விதி அமத்துற பாதிக்கு உதவி செய்தது. முந்தி, கோலைப் பாத்து ஓடுற புல்பக் கோலிக்குத் தட்டினா பிரச்சினை முடிஞ்சுது. இப்ப கோலி காலாலதான் அடிக்க வேணும், எங்கட பக்கத்துக் கோலியளில கனபேருக்கு இடக்கால் ஓடாது. ஆகவே ஏறுறவர் கோலியின்ர வலக்கால் பக்கத்தை மூடிக்கொண்டு ஓட வேணும். விங்கில இருக்கிறவர் உள்ளுக்குள்ள இருந்து வெளியில நோக்கி வளைஞ்சு ஓடினா, நடுவுக்குக் குடுக்கிற வழி அடைபடும். புல்பக்குக்கு மிச்சம் கோட்டுக்கு வெளியில அடிக்கிறது மட்டும்தான். கொடிக்கம்பத்துக்குக் கிட்ட எங்களுக்குக் கிடைக்கிற எறிபந்து, பாதிக் கோர்னர்.

2019இல் இருந்து கோல் உதையைப் பெனால்ரிப் பெட்டிக்குள்ளயே சக வீரருக்குக் குடுக்கலாம். எதிரணி குறுக்கிக் குடுக்கப் பாத்தா, உங்கட ரெண்டு பேர் பெட்டிக்கோட்டில நிண்டு, உதைபட்ட கணத்தில உள்ளுக்குப் போகட்டும். அதுக்கு முதல் கால் வைச்சாத் திரும்ப உதைக்க வைப்பினம்.

வலிகாமத்தான்

நன்றி, நல்ல தெளிவு. விளையாடிக்கொண்டே பயிற்சி குடுக்கிறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. அதோட, ஸ்ரொப்பர் பயிற்றுநரா வந்தா பயிற்சி முழுக்கத் தலை அடியாப் போயிடும் எண்டு ஒரு பயம் இருக்கு. 16 வயசுப் பொடியளும் அவரிட்டத்தான் வரப் போகினம்.

நாலுபேர் வரிசை

சார்ள்டன் ரெண்டையும் கலக்கேல்லை. லீட்ஸில விளையாட்டை முடிச்சு, வேற கழகத்துக்குப் பயிற்றுநராப் போனவர். ஸ்ரொப்பர் உள்ளுக்கு நிண்டா முன்னால நடக்கிறது எல்லாம் தெரியும், தன்ர வரிசையின்ர பிழை தெரியாது, ஏனெண்டா அந்த வரிசையே அவர்தான். தன்னை வெளியில எடுக்கிற முடிவையும் ஒருத்தரும் நேரத்துக்கு எடுக்கிறேல்லை. ஆள் பற்றாக்குறையால விளையாடத்தான் வேணும் எண்டா, வாங்கில இருக்கிற உதவியாளருக்கு மாத்து வீரர் விசயத்தில முழு அதிகாரம் எண்டு நிர்வாகம் முதலே எழுதி வைக்க வேணும். அணித்தலைவரும் வேற ஆளா இருக்கட்டும்.

சான்றிதழ் வழி: ஆசியக் கூட்டமைப்பின்ர சி, பிறகு பி, ஏ, புரோ. இலங்கைச் சம்மேளனம் ஊடாத்தான் நடக்கும், லீக்கில பேர் குடுத்து வைக்கச் சொல்லுங்கோ. காத்திருக்கிற காலத்தில 16 வயசு அணியைப் பாக்கட்டும். சொல்லிக்குடுக்கப் பழகுற இடம் அது.

மூலை உதை

தலை அடி விசயத்தில அந்தப் பயம் நியாயமான பயம், கட்டாயம் கவனியுங்கோ. சார்ள்டனுக்குக் கடைசிக் காலத்தில மறதி நோய் இருந்தது, 2020இல் காலமானார். 1966 அணியில நொபி ஸ்ரைல்ஸ், மார்ட்டின் பீற்றர்ஸ், ரே வில்சன், தம்பி பொபி எண்டு இன்னும் பலருக்கும் அதே நோய். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டதின்படி, ஸ்கொட்லாந்தின்ர பழைய தொழில்முறை வீரர்கள் மூளை நரம்பு சிதையிற நோயால இறக்கிறது மற்ற ஆக்களை விட ஏறத்தாழ மூண்டரை மடங்கு. பிறகு வந்த ஆய்வில பின்கள வீரருக்குத்தான் ஆபத்து ஆகக் கூட.

இங்கிலாந்தில இப்ப பெரிய ஆக்களுக்கே, வேகமா வாற பந்தில கிழமைக்கு 10 தலை அடிக்கு மேல பயிற்சியில வேண்டாம் எண்டு வழிகாட்டல். ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையளுக்குப் பயிற்சியில தலை அடியே இல்லை. 16 வயசு அணிக்குக் கிழமையில ஒரே ஒரு நாள், கையால எறிஞ்ச பந்தில, ஆளுக்கு 5 போதும். கோலி நீளமா உதைச்சு ஸ்ரொப்பர் வரிசையா நிண்டு தலையால அடிக்கிற பழைய பயிற்சியை முழுசா நிப்பாட்டுங்கோ. எழும்புற நேரத்தையும் நிக்கிற இடத்தையும் பந்தில்லாமலே பழக்கலாம். பந்து நேரா முகத்துக்கு வரேக்க கழுத்தை இறுக்கி நெத்தியால அடிக்கிறதைக் கையால எறிஞ்ச பந்திலயே சரிப்படுத்தலாம். தலை அடிபட்டுத் தடுமாறினவரை அண்டைக்குத் திருப்பி இறக்கவே கூடாது, அவர் சரி எண்டு சொன்னாலும்.

வலிகாமத்தான்

எங்கட கோலிக்கு முன்னால எதிரணி ஆள் நிண்டா என்ன செய்யிறது? முந்தின பருவத்தில அதால கோல் விழுந்தது.

மூலை உதை

கோலி அவரைத் தள்ளப் போகக்கூடாது. பந்து ஆட்டத்தில இருக்கேக்க தள்ளினா பெனால்ரி. உங்கட உயரமான பின்கள வீரர் ஒருத்தர் உதைக்கு முதலே மறைக்கிறவருக்கு முன்னால, கிட்டக் கம்பப் பக்கம் இடம் பிடிக்கட்டும். கோலி கோட்டில இருந்து அரை மீற்றர் முன்னுக்கு வந்து, தூரக் கம்பத்துப் பக்கமா ஒரு அடி விலகி, உடம்பைப் பக்கவாட்டில வைச்சு நிண்டா பந்தும் தெரியும், ஓட வழியும் இருக்கும். உதைக்கு முதல் அணித்தலைவர் நடுவரிட்டப் பண்பாச் சொல்லட்டும்: "சேர், உந்தப் பின்னுக்கு வைக்கிற அடியைக் கொஞ்சம் பாருங்கோ." முதல் கோர்னரிலயே சொல்ல வேணும். கோல் விழுந்த பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.